சூடு எங்கே போகும்?

மே மாதம், கத்திரி வெயில். மாமல்லபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மருமகன் ஓடி வந்தான். எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு ஒன்பதாவதுக்குக் காத்திருப்பவன். "வாங்க மாமா" என்றுகூடச் சொல்லவில்லை. "மாமா, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு!" என்றான்.

போய்ப் பார்த்தேன். சாகவெல்லாம் இல்லை. பாட்டுக் கேட்டால் நாள் முழுக்கப் பாடுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் படம் வரைந்தால் வரைகிறது. கார்ப் பந்தயம் விளையாடினால் மட்டும் வம்பு. பத்து நிமிடம் போனதும் கார் திக்கித் திணறி ஓடுமாம். இருபதாவது நிமிடம் வாக்கில் 'டப்' என்று எல்லாமே இருட்டாகிவிடுமாம்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வைரஸ் என்றான் மருமகன். வோல்டேஜ் சரியில்லை என்றார் அவன் அப்பா. "ராத்திரி பகலா ஆடினா வேற என்ன ஆகும்?" என்றாள் அக்கா. திண்ணையில் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்த அவன் ஆயா, "மனுசனுக்கே இந்த வெயில் தாங்கல, அதுக்கு மட்டும் தாங்குமா கண்ணு?" என்றார். பாட்டியை இந்தப் பக்கத்தில் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆயா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. அதில் அரை நாள் என் அவசரத்தால் வீணானது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மேசைக்கு அடியில் நிற்கும் பெட்டி முழுவதையும் நாம் 'சிபியு' என்கிறோம். ரிப்பேர் கடையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பெட்டியின் பெயர் கேபினெட். சிபியு என்பது அதற்குள்ளே, மதர்போர்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சதுர வில்லை. தீப்பெட்டியைவிடச் சிறியது. அந்த வில்லைக்குள்ளும் கணக்குப் போடுகிற சிலிக்கான் துண்டு கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

அந்த நகத்துக்குள் நூற்றுக்கணக்கான கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஸ்விட்ச். ஒரு தடவை போட்டு அணைத்தால் துளியூண்டு மின்சாரம் உள்ளே வந்து வெளியே போகும். துளியூண்டு சூடு பிறக்கும். அது ஒன்றுமே இல்லாத சூடு. ஆனால் சிபியுவின் கடிகாரம் நொடிக்கு 350 கோடி முறை துடிக்கிறது. கோடியைக் கோடியால் பெருக்கிப் பாருங்கள். மின்சாரம் கணக்காக மாறிவிடுகிறது என்று நினைக்கக் கூடாது. கணக்கு முடிந்த பிறகு, உள்ளே போன மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வருகிறது. சிபியு 65 வாட் எடுத்துக்கொண்டால் 65 வாட் சூடு. திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு 120 வாட் எடுத்துக்கொண்டால் 120 வாட் சூடு.

65 வாட் என்ன பிரமாதம், பழைய குண்டு பல்பு அளவுதானே என்று தோன்றும். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அது 1000 வாட். ஆனால் அதன் அடிப்பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான் வருகிறது. சிபியுவின் நகமோ ஒன்றரை சதுர சென்டிமீட்டர். 65-ஐ ஒன்றரையால் வகுத்தால் 43. இஸ்திரிப் பெட்டியைவிட எட்டு மடங்குக்கும் மேல் நெருக்கமான சூடு! தலையில் எதுவும் வைக்காமல் சிபியுவை ஓடவிட்டால் சில நொடிகளுக்கு மேல் தாங்காது.

பாட்டுக் கேட்கும்போது ஏன் தொல்லை இல்லை? அப்போது சிபியு பெரும்பாலும் தூங்குகிறது. நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் அது பல குட்டித் தூக்கம் போட்டுவிடும். பந்தயத்தில் அப்படி முடியாது. நொடிக்கு 60 படம் வரைய வேண்டும். ஒவ்வொரு படத்திலும் சாலை, மரம், நிழல், எதிரே வரும் லாரி, எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைக்க வேண்டும். சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் மூச்சு விடாமல் உழைக்கும்.

இங்கே கொஞ்சம் வழி மாறிப் போகிறேன். 2022 ஜூலை, ஆகஸ்டில் 44-வது செஸ் ஒலிம்பியாட் இதே மாமல்லபுரத்தில்தான் நடந்தது. அப்போது 16 வயதான குகேஷ், முதல் பலகையில் ஆடித் தனிநபர் தங்கம் வாங்கினார். மனித மூளை வேலை செய்ய எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 20 வாட். குகேஷின் மூளைக்கும் உங்கள் மூளைக்கும் அதே அளவுதான். மருமகனின் பெட்டி கார் ஓட்டுவதற்கே அதைப்போல் பத்து மடங்கு எடுத்துக்கொள்கிறது. இதைச் சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

சரி, பிறந்த சூட்டை என்ன செய்வது? சூட்டை அழிக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். அதை நம் சமையலறை ரொம்பக் காலமாகவே செய்துகொண்டிருக்கிறது. காபியை எப்படி ஆற்றுகிறார்கள்? டம்ளரிலிருந்து டபராவுக்கு, டபராவிலிருந்து டம்ளருக்கு. டபரா அகலம். காபி பரவுகிறது, காற்று நிறையப் படுகிறது, சூடு சீக்கிரம் போய்விடுகிறது. சிபியுவின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க் என்ற அலுமினியக் கட்டிதான் அதன் டபரா. தகடு தகடாகப் பிரித்திருப்பதால் நகத்தளவு இடத்தில் பிறந்த சூடு பல உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிடுகிறது. அதன் மேல் ஒரு ஃபேன், ஊதி ஆற்றுவதற்கு.

இந்த ஃபேனைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபேன் காற்றைக் குளிரவைப்பதில்லை. சூடான காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்துக்கு அறையின் காற்றைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். அறை 38 டிகிரியில் இருந்தால், எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் சிபியு 38-க்குக் கீழே இறங்காது. டிசம்பரில் 25 டிகிரி அறையில் 80 டிகிரியைத் தொடும் சிபியு, மே மாதத்தில் ஏறக்குறைய 93-ஐத் தொடும். ஆயா சொன்ன பாதி உண்மை இதுதான்.

ஆக, சூடு ஒரு தொடர் ஓட்டம் ஓடுகிறது. சிலிக்கானிலிருந்து வில்லையின் மூடிக்கு, மூடியிலிருந்து அலுமினியத்துக்கு, அலுமினியத்திலிருந்து காற்றுக்கு, காற்றோடு பெட்டிக்கு வெளியே, பிறகு அறை, ஜன்னல். நடுவில் ஒருவர் குச்சியை வாங்காமல் நின்றுவிட்டால் பின்னால் இருப்பவர் கையில் குச்சி தேங்கிவிடும். எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ரிப்பேர் வேலை. கடைக்குப் போவதற்கு முன்னாலேயே அதை நாமே பார்க்கலாம்.

வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டோம். மருமகன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டான். சும்மா இருக்கும்போது 52. பந்தயம் தொடங்கிப் பத்தாவது நொடியில் 86. ஐந்தாம் நிமிடம் 92. பத்தாம் நிமிடம் 97. அப்போது கார் திக்க ஆரம்பித்தது. அது கோளாறு இல்லை, சிபியு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது. பெரும்பாலான சிபியுக்கள் 95 முதல் 100 டிகிரிக்குள் வந்ததும் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயிலில் ஓடுகிறவர் நடக்க ஆரம்பிப்பது போல. அப்படியும் சூடு ஏறினால் கரிந்துபோவதற்குள் தானே அணைந்துவிடும். அதுதான் இருபதாவது நிமிடத்து 'டப்'.

மெதுவாக ஏறுகிறது, ஆகவே காற்றோட்டம்தான் பிரச்சினை என்று நான் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவன் நோட்டில் இருந்த 86-ஐ நான் சரியாகப் பார்க்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினோம். பிடுங்கிய பிறகு பவர் பொத்தானை ஒரு முறை அழுத்தினோம், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிவதற்காக. மேசையின் அலமாரிக்குள் கதவு சாத்தி வைத்திருந்த பெட்டியை வெளியே இழுத்தோம். மேலே அக்கா பூவேலை செய்த துணி ஒன்று போர்த்தியிருந்தது. அழகான துணிதான், ஆனால் காற்றுத் துளைகள் அத்தனையும் அதற்கு அடியில். பக்கத் தகட்டைக் கழற்றினால், உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை! ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே ஊசி நுழைய இடமில்லை. ஒரு மூலையில் பல்லி முட்டைகூட இருந்தது.

வீட்டுத் தூசு பஞ்சு போல இருக்கும், ஊதினால் பறக்கும். இது பறக்கவில்லை. தகட்டோடு அப்பிக்கொண்டிருந்தது. ஏன் என்று புரிய மாமல்லபுரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மருமகனின் அப்பா சிற்பி. வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. உளிச் சத்தத்தோடு இப்போது கல் அறுக்கும் கிரைண்டர் சத்தமும் சேர்ந்துவிட்டது. கிரைண்டர் கிளப்பும் கருங்கல் தூள், மாவைவிட நுண்ணியது. இது ஒரு பங்கு. இன்னொரு பங்கு கடலுடையது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகளாகி ஊருக்குள் வருகின்றன. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைய ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நீர் கோப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. கடலோரத்தில் காலை வேளையில் ஈரப்பதம் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். உப்புத் தண்ணீரில் கல் தூள் குழைந்தால் சிமெண்டுக் கலவை போலத்தான் ஆகும். மதியம் காயும், மறுநாள் காலை மறுபடி குழையும்.

இந்த உப்பு கம்ப்யூட்டரை மட்டுமா பிடிக்கிறது? கடற்கரைக் கோயிலையும் ஆயிரம் வருடத்துக்கு மேலாக அரித்துக்கொண்டிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கோயில் அது. தொல்லியல் துறையினர் அதன் கல்லில் ஊறிய உப்பை எடுக்க, காகிதக் கூழை நல்ல தண்ணீரில் நனைத்துச் சுவரில் அப்புகிறார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பிறகு உரித்து எடுத்துவிடுவார்கள். மருமகன் உடனே, "நம்ம ஹீட்சிங்குக்கும் காகிதக் கூழ் போடலாமா மாமா?" என்றான். வேண்டாம், நமக்குப் பெயிண்ட் பிரஷ் போதும்.

காய்ந்த, புது பிரஷால் தகடு தகடாகத் தள்ளினோம். பிறகு ப்ளோயரால் ஊதினோம். ஊதும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது வெறிபிடித்துச் சுற்றி, அச்சு கெட்டுப்போகும். பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுபோய்த்தான் செய்தோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டோம். கல் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பின் மூலையில் எஸ்எம்பிஎஸ் என்று ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதன் துளை வழியாக வெளியிலிருந்து ஊதியதோடு சரி. அதை மட்டும் ஒருநாளும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

எல்லாம் பளபளவென்று ஆனது. நான் வெற்றி வீரனைப் போல உட்கார்ந்தேன். பந்தயத்தைத் தொடங்கினான். இருபது நிமிடம் தாண்டியும் அணையவில்லை. ஆனால் 91-லேயே நின்றது. மருமகன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "மாமா, இப்பவும் பத்து செகண்டுல 85 வந்துடுச்சே. பத்து செகண்டுக்குள்ள பெட்டிக்குள்ள இருக்கற காத்து எப்படி சூடாகும்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. எவ்வளவு சரியான கேள்வி! காற்றோட்டம் கெட்டிருந்தால் சூடு மெதுவாகத்தான் ஏறும். முதலில் அலுமினியம் சூடாக வேண்டும், பிறகு பெட்டிக்குள் காற்று சூடாக வேண்டும். அதற்கெல்லாம் நிமிடக்கணக்கில் ஆகும். பத்து நொடியில் எகிறுகிறது என்றால் சூடு அலுமினியத்துக்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். தொடர் ஓட்டத்தில் மூன்றாவது ஆளே குச்சியை வாங்கவில்லை. அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்தேன். சிபியு 91 டிகிரியில் வெந்துகொண்டிருந்தது; அதன் தலையில் இருந்த அலுமினியமோ வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

இந்த மாதிரி ஹீட்சிங்குக்கு நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் ஊசிகள் உண்டு. மதர்போர்டின் துளையில் அழுத்தினால் 'க்ளிக்' என்று பிடித்துக்கொள்ளும். ஒரு மூலையில் அந்த ஊசி பாதி வெளியே வந்திருந்தது. போன வருடம் செங்கல்பட்டிலிருந்து வீடு மாறியபோது கம்ப்யூட்டர் லோடு ஆட்டோவில், பாத்திரங்களுக்கு நடுவில், திருக்கழுக்குன்றம் வழியாகக் குலுங்கிக்கொண்டே வந்ததாம். எந்தக் குலுக்கலில் கழன்றதோ.

கழற்றிப் பார்த்தால் தெர்மல் பேஸ்ட் வேறு சுண்ணாம்பு போலக் காய்ந்து உதிர்ந்தது. இந்தப் பசை எதற்கு? சிபியுவின் மூடியும் ஹீட்சிங்கின் அடியும் பார்க்கக் கண்ணாடி போல இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும். இரண்டும் மேடுகளில் மட்டும்தான் தொட்டுக்கொள்ளும், பள்ளங்களில் காற்று. சூட்டைக் கடத்துவதில் காற்றைப் போல ஒரு சோம்பேறி கிடையாது. செம்பு எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதற்கு 400 மதிப்பெண் கொடுத்தால் அலுமினியத்துக்கு 235. நல்ல பசைக்கு 5, 6. காற்றுக்கு 0.026! பசை உலோகத்தைவிட மட்டம், ஆனால் காற்றைவிட ஏறத்தாழ 200 மடங்கு மேல். அதனால்தான் பள்ளத்தை நிரப்புகிற அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும். மருமகன் தோசைக்கு எண்ணெய் விடுவது போல ஊற்றப் பார்த்தான். பச்சைப் பட்டாணி அளவு போதும். ஹீட்சிங்கை அழுத்தினால் அதுவே பரவிக்கொள்ளும்.

இதை நம்பாவிட்டால் இரண்டு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குள் ஒன்று போக வேண்டும். உள் டம்ளரில் வெந்நீர் ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். அதை வெளி டம்ளருக்குள் இறக்கிவிட்டு, வெளி டம்ளரின் சுவரில் சூடு தெரிய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். பிறகு இரண்டையும் ஆறவைத்து, இந்த முறை வெளி டம்ளரில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு, உள் டம்ளரை இறக்குங்கள். இடைவெளியில் தண்ணீர் ஏறி நிற்க வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். வித்தியாசத்தை உங்கள் விரலே சொல்லும்.

பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற திரவத்தில் நனைத்த துணியால் துடைத்தோம். புதுப் பசை வைத்தோம். நான்கு ஊசியையும் எதிரெதிர் மூலையாக அழுத்தினோம். நான்கு க்ளிக். இந்த வேலையைப் பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது செய்வதே நல்லது. மருமகன் நோட்டு: சும்மா இருக்கும்போது 43. பத்தாவது நொடியில் 61. அரை மணி நேரம் கழித்து 74. அதற்கு மேல் ஏறவே இல்லை.

இன்னொரு சின்ன வேலையும் செய்தோம். அவன் மானிட்டர் நொடிக்கு 60 படம்தான் காட்டும். கிராபிக்ஸ் கார்டோ நொடிக்கு 110 படம் வரைந்துகொண்டிருந்தது. மீதி 50 படம் யாரும் சாப்பிடாத சோறு. சமைத்த சூடு மட்டும் மிச்சம். விளையாட்டின் அமைப்புகளுக்குள் போய் 60 என்று கட்டினோம். ஒரு பைசா செலவில்லாமல் 74 என்பது 68 ஆயிற்று. பெட்டியைத் திரும்ப அலமாரிக்குள் வைக்கவில்லை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேசை மேல் வைத்தோம். பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பிவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டில் யோசனை கொடுத்தார்கள். ஒரு நாள் சோதனைக்குச் சரி. கல் தூள் பறக்கும் தெருவில், பல்லி உலவும் வீட்டில், நிரந்தரமாகத் திறந்து போட்டால் மறுபடி சாம்பல் போர்வைதான்.

சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். கடற்காற்று இதமாக அடித்தது. மே மாத மதியத்தில் மாமல்லபுரத்தை இந்தக் காற்றுதான் காப்பாற்றுகிறது. வெயிலில் நிலம் சட்டென்று சூடாகிறது, கடல் மெதுவாக. நிலத்தின் மேல் சூடான காற்று எழும்புகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடல் மேலிருந்து காற்று வருகிறது. கடலோரத்துக்கு முதலில் வரும். உள்ளே இருக்கும் செங்கல்பட்டுக்குப் போய்ச் சேர நேரமாகும். ஊருக்கே ஒரு கேபினெட் ஃபேன். மருமகன் கேட்டான்: "மாமா, பெட்டியில இருந்து வந்த சூடு ரூமுக்குப் போச்சு, ரூம்ல இருந்து ஜன்னலுக்குப் போச்சு. கடைசியா எங்க போகும்?"

தெற்கே கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் கடலோரமாகப் போனால் கல்பாக்கம். அங்கேயும் இதே தலைவலிதான், அளவுதான் வேறு. 1984-லும் 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் ஒவ்வொன்றும் 220 மெகாவாட் மின்திறன் கொண்டவை. உலையில் பிறக்கும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் மின்சாரமாகும். மீதியை எங்கேயாவது இறக்கிவைத்தாக வேண்டும். அங்கே தொடர் ஓட்டத்தின் கடைசி ஆள் வங்கக் கடல். கடலுக்கு அடியில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து கடல்நீரைக் கொண்டுவருகிறார்கள். அந்தத் தண்ணீர் நீராவியின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பக் கடலுக்கே போகிறது.

2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கடலே உள்ளே வந்தது. சுனாமி நீர் பம்ப் கட்டடத்தில் புகுந்தது. அப்போது இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. உடனே அதை நிறுத்தி, பத்திரமாகக் குளிரவைத்தார்கள். இதில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. மருமகனின் பெட்டியை அணைத்தால் அந்த நொடியே சூடு பிறப்பது நின்றுவிடும். அணு உலையை நிறுத்திய பிறகும் உள்ளே சூடு பிறந்துகொண்டே இருக்கும், நாள்கணக்கில். அதனால் உலை நின்றாலும் குளிர்விப்பது நிற்கக் கூடாது. 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் சுனாமியால் பம்புகளுக்கு மின்சாரம் போய்விட்டது. உலைகள் நின்றிருந்தும் உருகின.

அதே கல்பாக்கத்தில் 1985 முதல் ஒரு வேக ஈனுலை இருக்கிறது. அதில் சூட்டைச் சுமப்பது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். சோடியம் 98 டிகிரியில் உருகிப் பாதரசம் போல ஓடும், 883 டிகிரி வரை கொதிக்காது, உலோகம் என்பதால் சூட்டை மின்னல் வேகத்தில் வாங்கிக்கொள்ளும். ஆனால் தண்ணீர் பட்டால் வெடிக்கும், காற்றில் பற்றிக்கொள்ளும். அதனால் மேலே ஆர்கான் வாயுவைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். இதன் சாதுவான சொந்தக்காரன் ஒருவன் விளையாட்டு உலகத்திலும் உண்டு. பிளேஸ்டேஷன் 5-ல் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள். கணினிகளுக்கென்று விற்கும் திரவ உலோகங்களில் இருப்பது காலியம். தனிக் காலியம் 30 டிகிரியிலேயே உருகிவிடும். கத்திரி வெயிலில் மேசை மேல் வைத்தாலே போதும். மருமகனின் கண்கள் விரிந்தன. அவசரப்படாதே என்றேன். காலியம் அலுமினியத்துக்குள் புகுந்து அதை அப்பளம் போல நொறுக்கிவிடும். அவனுடைய ஹீட்சிங்க் அலுமினியம்.

"கடல்ல போட்ட சூடு?" என்றான் விடாமல். கடல் காற்றுக்குக் கொடுக்கும். காற்றும் நிலமும் கடலும் இரவும் பகலும் அதைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விடும். கம்ப்யூட்டர் சூடும் காபி சூடும் கல்பாக்கத்துச் சூடும் கடைசியில் விண்வெளிக்குத்தான் போகின்றன. அவன் மல்லாந்து படுத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து ஆயா, "சாப்பிட வாங்கடா, ஆறிப்போவுது" என்று கூப்பிட்டார்.

டம்ளர் சோதனையைச் செய்து பாருங்கள். காற்று இடைவெளிக்கு எத்தனை நொடி, தண்ணீர் இடைவெளிக்கு எத்தனை நொடி, உங்கள் ஊர் எது, எல்லாவற்றையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வெந்நீரை ஊற்றித் தரப் பெரியவர்களைக் கூப்பிட மறக்காதீர்கள்.